ரோமானியரின் ஊக்கும் என் பழைய பாக்கியும்



கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

சென்ற மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் தலை நரைத்த ஒருவர் உட்கார்ந்தார். "சார், என்னைத் தெரியுதா? எண்பத்தெட்டுல உங்ககிட்ட ஒன்பதாம் வகுப்பு படிச்சேன்" என்றார். எனக்கு முகம் பிடிபடவில்லை. "ரோம் பாடம் நடத்தும்போது ஒரு கேள்வி கேட்டேன். உக்காருடான்னு சொன்னீங்க. அவன்தான் சார்" என்றார். அப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வந்தது. கையில் எடுத்த ரசம் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அன்று நான் வகுப்பில் ஒரு ரோமானியப் படைவீரன் படத்தை மாட்டியிருந்தேன். தோளில் கனமான போர்வை. கடைசி பெஞ்சிலிருந்து இவன் எழுந்து, "சார், அந்தத் துணி கீழே விழாம எப்படி நிக்குது?" என்றான். "ஊக்கு மாதிரி ஒண்ணு குத்தியிருப்பாங்க" என்றேன். "அந்த ஊக்கை யார் சார் செஞ்சாங்க? எப்படிச் செஞ்சாங்க?" என்று கேட்டான். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காருடா" என்று சொல்லிவிட்டு சீசருக்குப் போய்விட்டேன். வகுப்பே சிரித்தது.

அவனுடைய அப்பா பித்தளைப் பாத்திரப் பட்டறை வைத்திருந்தார். அந்தப் பையனுக்குப் போரும் பேரரசும் பெரிதாகத் தெரியவில்லை, ஒரு சின்ன உலோகச் சாமான் தெரிந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, பரீட்சையைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

கல்யாணத்திலிருந்து வந்த நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். இது அந்தப் பாக்கி.

முதலில் பெயர். லத்தீன் மொழியில் இந்த ஊக்குக்கு ஃபிபுலா என்று பெயர். நம் முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளில் மெலிந்த எலும்பையும் மருத்துவர்கள் ஃபிபுலா என்றுதான் சொல்கிறார்கள். பக்கத்து எலும்போடு அது சேர்ந்து நிற்கும் விதம் ஊக்கின் ஊசியைப் போல இருப்பதால் வந்த பெயர். என் மாணவர்களில் டாக்டர் ஆனவர்கள் இருக்கிறார்கள். எலும்பு மட்டும் படித்த உங்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

இந்த ஊக்கைக் கண்டுபிடித்தவர்கள் ரோமானியர்கள் இல்லை. அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியே கிரேக்க நாட்டில் மைசீனிய நாகரிக மக்கள் வெண்கலக் கம்பியை வளைத்து ஊக்கு செய்துவிட்டார்கள். அது இத்தாலிக்கும் ஐரோப்பா முழுவதற்கும் பரவியது. பட்டனும் காஜாவும் வழக்கத்துக்கு வராத காலம் அது. தைக்காத துணியைப் போர்த்திக்கொள்பவர்களுக்கு அதைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டுமே. டோகா என்ற ரோமானிய மேலாடைக்கு ஊக்கு கிடையாது. நம் அங்கவஸ்திரத்தைப் போல மடித்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள். படைவீரன் டோகாவோடு சண்டை போட முடியாது. அவனுக்குக் கனமான கம்பளிப் போர்வை. அதை வலது தோளில் ஊக்கால் குத்திக்கொண்டான். அப்படிக் குத்தினால் வாள் பிடிக்கும் வலது கை தடையில்லாமல் வெளியே வரும்.

வீரர்கள் மட்டும் இல்லை, குடும்பப் பெண்களும் அணிந்தார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. படகுக்காரர் புளூசுஸும் அவர் மனைவி மெனிமானேயும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். புளூசுஸ் 75 வயது வாழ்ந்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. அவர்கள் மகன் அந்தக் கல்லை நிறுத்தியிருக்கிறான். அந்த அம்மாவின் உடையில் ஊக்குகள் இருப்பதைச் சிற்பி ஒன்றுவிடாமல் செதுக்கியிருக்கிறார். ரோமாபுரியின் நாகரிகம் வந்த பிறகும் அந்த அம்மா தன் ஊர் உடையை விடவில்லை. அந்த உடை ஊக்கு இல்லாமல் நிற்காது.

சரி, பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். எப்படிச் செய்தார்கள்?

உங்கள் வீட்டில் இருக்கும் ஓர் ஊக்கை எடுத்துத் திறந்து பாருங்கள். மூன்று பகுதிதான். ஒரு முனையில் கம்பி சுருண்டிருக்கும். அதுதான் ஊசியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் ஊசி. மறுமுனையில் ஊசியின் கூர் போய் உட்காரும் தொப்பி. ரோமானிய ஊக்கிலும் சுருள், ஊசி, அது உட்காரும் மடிப்பு மூன்றும் உண்டு. கூடுதலாக முதுகு வில்லாக வளைந்திருக்கும். கம்பளித் துணியின் தடிப்பு அந்த வளைவுக்குள் அடங்கும்.

எளிய வகை ஊக்குகளை ஒரே துண்டு உலோகத்தில் செய்தார்கள். முதலில் ஒரு சின்னக் கோல். அதன் ஒரு பாதியை அடித்து அகலப்படுத்தினால் வளைவும் மடிப்பும் வரும். மறுபாதியை அடித்து அடித்து மெல்லிய கம்பியாக நீட்டி, இப்பக்கம் இரண்டு சுற்று, அப்பக்கம் இரண்டு சுற்று என்று சுற்றி, மிச்சத்தை ஊசியாகக் கூர்மைப்படுத்த வேண்டும். ஒட்டு கிடையாது, பற்றவைப்பு கிடையாது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பித்தளையையோ வெண்கலத்தையோ அடித்துக்கொண்டே போனால் அது இறுகும். மேலும் அடித்தால் விரிசல் விடும். நடுநடுவே நெருப்பில் காட்டினால் மறுபடி இளகும். ஆகவே அடி, சூடு, அடி, சூடு என்று மாறி மாறிப் போக வேண்டும். கடைசியில் ஊசியும் சுருளும் இளகிய நிலையில் நின்றுவிட்டால் ஊக்கு வேலை செய்யாது. ஒருமுறை அழுத்தினால் அப்படியே மடங்கிக் கிடக்கும். கடைசிச் சில அடிகளைச் சூடு காட்டாமல் அடித்து விட்டால்தான் உலோகத்தில் துள்ளல் நிற்கும். ஓர் அடி கூடினால் முறியும், குறைந்தால் தொங்கும்.

இதைப் படித்ததும் அந்த மாணவருக்கு போன் போட்டேன். அவர் இப்போது எவர்சில்வர் கடை வைத்திருக்கிறார். பட்டறையை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். "சார், எங்கப்பா அதைத்தான் சொல்வார். அடிச்சா பித்தளை முரண்டு பிடிக்கும், நெருப்பைக் காட்டினா சொன்னபடி கேக்கும். எப்போ காட்டணும்னு சத்தத்துலயே தெரியும். அடி விழுற சத்தம் மாறும்" என்றார். நான் படித்த எதிலும் அந்தச் சத்தம் இல்லை.

அடுத்து உலோகம். தாமிரத்தோடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. இது உங்களுக்குத் தெரியும், எட்டாம் வகுப்பு வேதியியல். ரோமானியர்களுக்குப் பித்தளை செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. தாமிரம் உருக 1085 டிகிரி வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். உருகிய தாமிரத்தில் துத்தநாகத்தைப் போட்டுக் கலக்கலாம் என்றால், அவர்கள் கையில் தனித் துத்தநாகமும் இல்லை, தாதுதான் இருந்தது.

அதற்கு அவர்கள் கண்ட வழி இது. தாமிரத் துண்டுகள், துத்தநாகத் தாது, கரித்தூள் மூன்றையும் ஒரு மூசைக்குள் போட்டு, வாயை அடைத்துச் சூடாக்கினார்கள். கரியின் துணையால் தாதுவிலிருந்து துத்தநாகம் ஆவியாகக் கிளம்பும். வெளியே போக வழி இல்லாததால் தாமிரத்துக்குள் புகும். கண்ணால் பார்க்க முடியாத ஓர் ஆவியை ஒரு மண்பாத்திரத்துக்குள் அடைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். ஏன் அப்படி ஆகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. செய்தால் தாமிரம் பொன்னிறமாக மாறும் என்று தெரியும். சக்கரவர்த்தி அகஸ்டஸ் காலத்தில் இதே பித்தளையில் நாணயமும் அடித்தார்கள்.

மூன்றாவது உலோகம் காரீயம். வெண்கலத்தில் காரீயம் சேர்த்தால் செலவு குறையும், உருகிய உலோகம் அச்சுக்குள் மூலை முடுக்கெல்லாம் நன்றாக ஓடும். ஆனால் அந்தக் கலவையைச் சுத்தியலால் அடித்தால் பிளந்துபோகும். கம்பியாக நீட்டவே முடியாது. அதனால் இரண்டாவது வகை ஊக்கு வந்தது. அழகான முதுகுப் பகுதியைக் காரீயம் கலந்த வெண்கலத்தில் வார்த்தார்கள். ஊசியையும் சுருளையும் மட்டும் காரீயம் இல்லாத உலோகத்தில் தனியாக அடித்துச் செய்து பொருத்தினார்கள். ஒரே ஊக்கில் இரண்டு உலோகம். எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்து வைத்த வேலை.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. ஜஸ்டின் பேலி, சார்னியா புட்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் கிடைத்த ரோமானிய ஊக்குகளை ஆயிரக்கணக்கில் எடுத்து, எதில் எந்த உலோகம் இருக்கிறது என்று சோதித்து, 2004-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சைக் களிம்பேறிய துண்டுகள். சோதித்துப் பார்த்தால், ஒவ்வொரு வகை ஊக்குக்கும் ஏறக்குறைய ஒரு குறிப்பிட்ட கலவையைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்திருப்பது தெரிந்தது. கையில் கிடைத்ததை உருக்கி ஊற்றியவர்கள் அல்ல அவர்கள்.

வார்ப்பு வேலை இப்படி. மாதிரி ஊக்கு ஒன்றை ஈரக் களிமண்ணில் பாதி புதையும்படி அழுத்துவார்கள். அது கொஞ்சம் காய்ந்ததும் மேலே இன்னொரு களிமண் பாதியை வைத்து அழுத்துவார்கள். இரண்டையும் பிரித்து மாதிரியை எடுத்துவிட்டு, மறுபடி சேர்த்து, வெளியே மண் பூசி அடைத்து, சுட்டு, உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு அச்சை உடைத்தால் உள்ளே ஊக்கு. விளிம்பில் இருக்கும் பிசிரை அரத்தால் ராவி, ஓட்டை போட்டு, சுருளைப் பொருத்தி, பளபளப்பாகத் தேய்க்க வேண்டும். வட வேல்ஸில் பிரஸ்டாட்டின் என்ற ஊரில் இப்படி உடைத்துப் போட்ட களிமண் அச்சுத் துண்டுகள் கிடைத்தன. அன்றைக்கு அது குப்பை. இன்றைக்கு அதுதான் சாட்சி.

பிறகு அலங்காரம். வட்ட ஊக்குகளிலும் கோழி, முயல், குதிரை வடிவ ஊக்குகளிலும் சின்னச் சின்னக் குழிகள் விட்டு வார்த்து, அவற்றில் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூடாக்குவார்கள். வெண்கலம் உருகாமல் கண்ணாடி மட்டும் இளகும் அளவுக்குச் சூடு. அதுதான் எனாமல். வெள்ளி வாங்க வசதி இல்லாதவர்களுக்காக வெண்கல ஊக்கின் மேல் வெள்ளீயம் பூசிக் கொடுத்தார்கள். நம் தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருவார்களே, அதே வேலைதான், பொருள்தான் சின்னது. வசதி உள்ளவர்களுக்குத் தங்க முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துத் தடவி, சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களின் உடம்பு என்ன ஆனது என்று எந்த வரலாற்றிலும் எழுதவில்லை.

ஊக்கைப் பார்த்தே ஆளை எடைபோட்ட காலமும் வந்தது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் குறுக்குவில் வடிவத்தில், மூன்று குமிழ்கள் வைத்த பெரிய ஊக்கு படைத்தலைவர்களுக்கும் அரசு அதிகாரிகளுக்கும் அடையாளமாகிவிட்டது. இத்தாலியின் மோன்சா தேவாலயத்தில் தந்தத்தில் செதுக்கிய ஓர் இரட்டைப் பலகை இருக்கிறது. கி.பி. 400 வாக்கில் செய்தது. அதில் நிற்பவர் தளபதி ஸ்டிலிகோ என்று கருதுகிறார்கள். வலது தோளில் இந்த ஊக்கு பளிச்சென்று தெரியும். ராவென்னா நகரத்தில் கி.பி. 547-இல் திறக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயத்தின் சுவரில், சக்கரவர்த்தி ஜஸ்டினியன் தன் அதிகாரிகளோடு நிற்கும் கல் ஓவியம் இருக்கிறது. அதிகாரிகளின் தோளில் குறுக்குவில் ஊக்கு. அரசருக்கு மட்டும் மணிகள் பதித்த வட்ட ஊக்கு. யார் அரசர் என்று கேட்கவே வேண்டாம்.

சரி, "எப்படி" முடிந்தது. "யார் செஞ்சாங்க?"

இதில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஊக்கு செய்யும் முறையை விளக்கி எழுதிய ரோமானியப் புத்தகம் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. போரை எழுதினார்கள், வம்சத்தை எழுதினார்கள், விருந்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று கூட எழுதினார்கள். பட்டறையில் உட்கார்ந்து சுருள் சுற்றியவனை யாரும் எழுதவில்லை. எழுத்து தெரிந்தவர்கள் பட்டறைக்குப் போகவில்லை, பட்டறையில் இருந்தவர்களுக்கு எழுத நேரமில்லை. அதனால் இவ்வளவையும் உடைந்த அச்சிலிருந்தும், பாதியில் கெட்டுப்போன வார்ப்பிலிருந்தும், நுண்ணோக்கியில் தெரியும் அரத்தின் கீறலிலிருந்தும் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் ஓரிரு பெயர்கள் தப்பி வந்திருக்கின்றன.

ரோமுக்குக் கிழக்கே உள்ள பழைய பிரெனெஸ்தே நகரத்தில் கிடைத்ததாகச் சொல்லி 1887-இல் ஒரு தங்க ஊக்கை அறிஞர்கள் முன் காட்டினார்கள். கி.மு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் மிகப் பழைய லத்தீனில் நான்கே சொற்கள். மானியுஸ் என்பவன் நுமேரியுஸுக்காக என்னைச் செய்தான் என்று ஊக்கே பேசுவது போல எழுதியிருக்கிறது. லத்தீன் மொழியில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் இதுவும் ஒன்று. அதாவது லத்தீனின் முதல் சில வரிகளுக்குள்ளேயே, ஒரு சாமானை யார் செய்தது, யாருக்காகச் செய்தது என்ற செய்தி வந்துவிட்டது! 1980-இல் மார்கெரிட்டா குவார்துச்சி என்ற கல்வெட்டு அறிஞர் இது போலி என்று வாதிட்டார். பலரும் நம்பினார்கள். 2011-இல் தங்கத்தின் மேற்பரப்பையும் எழுத்தின் கீறல்களையும் மறுபடி சோதித்து, உண்மையானதுதான் என்று அறிவித்தார்கள். மானியுஸுக்கு அவன் பெயர் திரும்பக் கிடைத்தது.

இன்னொரு பெயர் அவுகிஸா. கி.பி. முதல் நூற்றாண்டின் முதல் பாதியில் புழங்கிய ஒரு வகை ஊக்கு இருக்கிறது. சுருளுக்குப் பதில் கதவுக்குப் போடுவது போலக் கீல் வைத்தது. படைவீரர்கள் விரும்பி அணிந்தது. அதில் சிலவற்றின் தலைப்பகுதியில் அவுகிஸா என்ற பெயர் பொறித்திருக்கும். கோல் நாட்டுப் பெயர் என்கிறார்கள், அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கம். பிரிட்டனிலிருந்து ஆசியா மைனர் வரை அந்த வகை ஊக்கு கிடைக்கிறது. இன்று உலகத்தில் எந்த மூலையில் தோண்டி எடுத்தாலும், பெயர் பொறிக்காத அந்த வகைக்குக்கூட அவர் பெயரைத்தான் வைக்கிறார்கள். அவருக்கு எத்தனை வயது, எந்தத் தெருவில் பட்டறை, பிள்ளைகள் இருந்தார்களா, எதுவும் கிடையாது. பெயர் மட்டும்.

பிற்காலத்தில் ஐரோப்பாவில் பட்டன் வந்தது, உடை மாறியது, ஊக்கு நகையாக மாறியது. 1849-இல் அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் ஒரே கம்பியில் சுருளும் தொப்பியும் வைத்து இன்றைய ஊக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 400 டாலருக்கு அந்த உரிமையை விற்றும்விட்டார். அவர் பெயரைப் பொது அறிவுப் புத்தகத்தில் படிக்கிறோம். அவர் சுற்றிய அதே சுருளை மூவாயிரம் வருடங்களுக்கு முன்பே சுற்றியவர்களை மறந்துவிட்டோம்.

மறுபடி அந்த மாணவருக்கு போன் செய்து, படித்ததையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். வகுப்பில் கேட்டதுபோலவே அமைதியாகக் கேட்டார். கடைசியில், "உன் அப்பா வேலை செய்த முறையை நீ எழுதி வைக்கணும்பா. எந்தச் சத்தத்தில் நெருப்புக் காட்டுவார், ஈயம் எப்படிப் பூசுவார், எல்லாம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இதெல்லாம் பரீட்சைக்கு வராதே சார்" என்றார். எனக்கு அது வேண்டும்தான்.

அப்புறம் அவரே, "எனக்கு எழுத வராது சார். நான் சொல்றேன், நீங்க எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். அப்பாவின் சுத்தியல்கள் பரண்மேல் ஒரு சாக்கில் கட்டிக் கிடக்கின்றனவாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்களிடமும் அதையே கேட்கிறேன். உங்களில் தறிக்காரர் பிள்ளைகள் இருக்கிறீர்கள், தச்சர், குயவர், தையற்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறீர்கள். அப்பாவோ தாத்தாவோ கையால் செய்து, எங்கேயும் எழுதாமல் விட்ட ஏதாவது ஒன்று உங்கள் வீட்டில் இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பத்து வரி எழுதுங்கள். எழுத வராவிட்டால் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். பின்னூட்டத்தில் போட்டாலும் சரி, எனக்குத் தனியாக அனுப்பினாலும் சரி, நான் படிப்பேன். பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன், மதிப்பெண் போட மாட்டேன்.

வகுப்பில் நான் உட்கார வைத்த மற்ற கேள்விகளும் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் கேளுங்கள். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்